பழைய மேஸி 1035 டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன், இன்ஜின்ல என்னென்ன பாக்கணும்?

துறையூர்_மானாவாரி:
அண்ணன்களுக்கு வணக்கம். துறையூர் பக்கம் மானாவாரில மக்காச்சோளம், பருத்தி போடுறோம். இதுவரைக்கும் வாடகை வண்டிதான், ஆனா மழை பேஞ்சு ஈரம் காயுறதுக்குள்ள உழுதாகணும்னு இருக்கிற அன்னைக்குத்தான் ஊர்ல ஒரு வண்டியும் கிடைக்காது, அதான் சொந்தமா ஒன்னு எடுத்துருவோம்னு வீட்ல முடிவு பண்ணியாச்சு. பெரம்பலூர் பக்கத்துல ஒருத்தர் 1991 மாடல் மேஸி 1035 வச்சிருக்கார். பெயிண்ட் புதுசு, பின் டயர் நல்லா இருக்கு. நேத்து மத்தியானம் போய் பாத்தேன், சாவி திருப்புன உடனே எடுத்துருச்சு, புகையும் பெருசா தெரியல. ஹவர் மீட்டர் ஓடல. இன்ஜின் வேலை பாத்தாச்சு, இனி பத்து வருசத்துக்கு கை வைக்க வேணாம்ங்கிறார், பில்லு கேட்டா இல்லையாம். இன்ஜின் போச்சுன்னா வாங்குன காசுல பாதி அதுக்கே போயிரும்னு பயமா இருக்கு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்_பட்டறை:
தம்பி முதல்ல ஒன்னு, நீங்க பாத்தது சூடான வண்டியா இருக்கலாம். ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சா காலையிலயே ஒரு ரவுண்டு ஓட்டி வச்சிருவாங்க, அப்புறம் எவ்வளவு தேய்ஞ்ச இன்ஜினும் டக்குன்னு எடுக்கும். அதனால சொல்லாம கொள்ளாம விடிகாலைல போங்க, போன உடனே இன்ஜின் பிளாக்குல கை வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா அன்னைக்குப் பாக்காதீங்க, இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிருங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சுரும். ரேடியேட்டர் மூடியைத் திறங்க (குளுந்திருக்கும்போது மட்டும், சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துரும்), தண்ணி மேல எண்ணெய் படலம் மிதக்குதான்னு பாருங்க. அடுத்தது டிப் ஸ்டிக், அதான் இன்ஜின் ஆயில் அளவு பாக்குற கம்பி. ஆயில் கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும், ஆனா பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். மார்க்குக்கு மேல லெவல் ஏறியிருந்து டீசல் வாடை அடிச்சா, டேங்க்ல இருந்து டீசல் இழுக்குற ஃபீட் பம்பு டயாப்ரம் (ரப்பர் தகடு) வச்சதா இருந்தா அது கிழிஞ்சு டீசல் சம்புக்குள்ள (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இறங்குதான்னு சந்தேகப்படணும். அது சின்ன செலவுதான், ஆனா அப்படியே ஓட்டியிருந்தா பேரிங் அடி வாங்கியிருக்கும். விரல்ல தொட்டுப் பாக்கும்போது ஆயில் தேன் பதத்துக்கு கெட்டியா இழுத்துச்சுன்னா, ஆயில் பிரஷர் நல்லா இருக்கிற மாதிரி காட்டுறதுக்காக கெட்டி ஆயில் ஊத்தியிருக்காங்க.

இப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முதல்ல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்னுட்டா பரவாயில்ல. நிக்காம நீலமா வந்துட்டே இருந்தா ஆயில் எரியுது. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டிப் பாருங்க, லேசா ஆவி வரலாம், ஆனா குபுகுபுன்னு அடிச்சு மூடியை வச்சாலே தள்ளுதுன்னா பிஸ்டன் ரிங்கும் அது ஓடுற சிலிண்டர் லைனரும் தேய்ஞ்சு போச்சு, எவ்வளவு புதுப் பெயிண்ட் அடிச்சிருந்தாலும் நம்பாதீங்க. ரேடியேட்டர்ல விடாம குமிழ் வந்தா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இல்ல ஹெட்டே விரிசல் விட்டிருக்கும்.

கூட ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போனா, ஐடியல்ல (ஆக்சிலேட்டர் குடுக்காம) ஓடும்போது நாசில் பைப் (சிலிண்டருக்கு டீசல் போற பைப்) நட்டை ஒவ்வொன்னா லூஸ் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. ஒன்ன லூஸ் பண்ணா இன்ஜின் தடுமாறணும். தடுமாறாம அதே சத்தத்துல ஓடுச்சுன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல. டீசல் பீச்சி அடிக்கும், கையைக் குறுக்க நீட்டாதீங்க.

கொங்கு_உழவு:
பட்டறை அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. நான் சொல்றது லோடு. சும்மா நிக்க வச்சு ஆக்சிலேட்டர் குடுத்தா எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். அவங்க காட்டுலயே கலப்பையை மாட்டி நல்லா ஆழமா விட்டு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்க, கலப்பை இல்லைன்னா லோடு ஏத்துன டிரெய்லரை மேட்டுல இழுக்கச் சொல்லுங்க. அப்பத்தான் முக்குறது, கருப்பா கக்குறது, சூடாகறது எல்லாம் வெளிய வரும். நல்லா சூடானதுக்கப்புறம் ஐடியல்ல விட்டு ஆயில் பிரஷர் மீட்டரைப் பாருங்க. குளுந்த வண்டில முள்ளு நடுவுல நிக்கறத வச்சு ஒன்னுமே சொல்ல முடியாதுங்க. முள்ளு ஆடாம அசையாம ஒரே இடத்துல நின்னா மீட்டரே செத்துப் போயிருக்கும், ஆஃப் பண்ணா கீழ இறங்குதான்னும் பாருங்க.

அப்புறம் ஏர் கிளீனர். பழைய வண்டில ஆயில் கிண்ணம் வச்சதுதான் இருக்கும், கழட்டிப் பாருங்க. உள்ள சேறு கட்டியிருந்தாலோ ஆயிலே இல்லாம காஞ்சு கிடந்தாலோ, இல்ல அங்கிருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்தாலோ, அவ்வளவு நாளும் இன்ஜின் மண்ணைத் தின்னுருக்குன்னு அர்த்தங்க. ஓனர் வண்டியை எப்படி வச்சிருந்தார்னு இது ஒன்னுலயே தெரிஞ்சுக்கலாம்.

வண்டிக்கு அடியிலயும் குனிஞ்சு பாருங்க. கிளட்ச் ஹவுசிங் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இன்ஜின் ஆயில் சொட்டுனா கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற தண்டு) பின்னாடி சீல் போச்சுன்னு அர்த்தம். சீல் விலை கம்மிதான், ஆனா மாத்தணும்னா வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்.

செம்மண்காடு:
ஆர்.சி. புக்ல இருக்கிற இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில அடிச்சிருக்கிறதோட வச்சுப் பாருங்க. வேற வண்டி இன்ஜினைத் தூக்கி வச்சிருந்தா பேரு மாத்தும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மாட்டிப்பீங்க. லோன் இருந்திருந்தா பேங்க் என்.ஓ.சி., 35ம் நம்பர் ஃபார்ம் வாங்கி எச்.பி. (ஆர்.சி.ல இருக்கிற லோன் பதிவு) கேன்சல் ஆயிருக்கான்னு பாருங்க, பேரு மாத்துற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்காம முழுப் பணம் குடுக்காதீங்க. மத்தபடி 1035 நல்ல வண்டி. மேஸி தயாரிக்கிற டாஃபே கம்பெனி 1960ல இருந்து சென்னையில இருக்கு, இன்ஜினும் சிம்சன் 3 சிலிண்டர், அதுவும் சென்னைதான், அதனால ஸ்பேர்ஸ் கிடைக்காதுங்கிற கவலை வேணாம்.

துறையூர்_மானாவாரி:
ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். இன்னைக்கு விடியுறதுக்கு முன்னாடியே எங்க ஊர் மெக்கானிக்க கூட்டிட்டுப் போயிட்டேன், பிளாக் சில்லுன்னு இருந்துச்சு. செல்ஃப் ரொம்ப நேரம் இழுத்துத்தான் எடுத்துச்சு. தண்ணி சுத்தம், ஆயில்ல தண்ணி கலக்கல, ஆனா ஆயில் மூடியைத் திறந்தா புகை நல்லா அடிக்குது, கலப்பை போட்டதும் நீலப் புகை நிக்கவே இல்ல. மூணு நாசிலும் ஓகே. ரிங்கு லைனர் வேலைதான்னு மெக்கானிக் சொல்றார். நம்பர் ரெண்டும் புக்கோட சரியா இருக்கு. அவர்கிட்ட நேரா சொன்னேன், விலையைக் குறைச்சுக்கலாம்ங்கிறார். எடுக்கலாமா?

டீசல்_பட்டறை:
ஹெட்டும் பிளாக்கும் நல்லா இருந்து வெறும் ரிங்கு லைனர்னா எடுக்கலாம் தம்பி, தெரிஞ்சே செய்யுற செலவு, முழு வேலைக்கான காசை இப்பவே விலையில கழிச்சுப் பேசுங்க. ஒன்னு மட்டும் கேட்டுக்கோங்க, முன்னாடி வேலை பாத்தப்ப கிராங்கைத் தேய்ச்சாங்களா, எந்த சைஸ் பேரிங் போட்டாங்கன்னு. 10, 20, 30னு (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) தேய்ச்சுட்டே போவாங்க, 30 ஏற்கனவே ஆயிருந்தா அடுத்தது புது கிராங்க்தான். வேலை பாத்த பட்டறை எதுன்னு கேட்டு அங்கயே போய் விசாரிங்க. பதில் சொல்ல முடியலைன்னா கிராங்க் காசையும் சேத்துக் கழிச்சுப் பேசுங்க, அதுக்கு ஒத்துக்கலைன்னா விட்டுருங்க.