ஊர்ல எழுதின பத்திரம் விவாகரத்து ஆகுமா? முதல்ல எங்க போகணும்? (ஏற்காடு)

கேள்வி: நாகலூர்_மிளகு

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி விஷயமா கேக்குறேன். நாங்க ஏற்காடு மலை, மலையாளி சமூகம், எஸ்.டி. சான்று இருக்கு. கல்யாணம் ஆகி 6 வருஷம், பொண்ணு குழந்தைக்கு 4 வயசு. மாப்பிள்ளை சேலத்துல சொந்தமா ஒரு மினி லாரி வெச்சு ஓட்டுறார். வீடும் காப்பித் தோட்டமும் அவங்க அப்பா பேர்ல இருக்கு.

தங்கச்சி 4 மாசமா எங்க வீட்லதான். போன மாசம் ஊர்ல உக்காந்து பேசி, 100 ரூபாய் பத்திரத்துல "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்"னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. நோட்டரி சீலும் இருக்கு. தை மாசம் அவருக்கு வேற பொண்ணு பாக்குறாங்களாம்.

இது விவாகரத்து ஆயிடுச்சா? போலீஸ், வக்கீல், இலவச சட்ட உதவி, இதுல முதல்ல எது? டைவர்ஸ் ஓ.பி. (விவாகரத்து மனு) போட ஒரு வக்கீல் 40 ஆயிரம் கேக்குறார், குடுக்கலாமா? குழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவோம்னு வேற மிரட்டுறாங்க.

பதில்: வாய்தா_சேலம்

பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த வக்கீல்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாங்க எஸ்.டி., இந்து திருமணச் சட்டத்துல எங்க மனு நிக்குமா?"

1955 இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 2(2), மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சேலம் மாவட்டத்து மலையாளி சமூகம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விவாகரத்துப் பிரிவுகளான 13, 13பி என்று போட்டு மனுவை நீட்டினால் பைலிங்கிலேயே ரிட்டர்ன் ஆகலாம். அதைவிட மோசம், நம்பர் ஆகி, கவுன்சிலிங் முடிந்து, வாய்தா வாய்தாவாக ஓடிய பிறகு எதிர்த்தரப்பு எழுந்து "சட்டமே பொருந்தாது" என்பது. இந்து முறைப்படி வாழும் பழங்குடித் தம்பதிக்குச் சட்டம் பொருந்தும் என்று 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது உண்டு. இங்கே அதை வாதத்துக்குக் காட்டலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

பத்திரத்துக்கு வருவோம். 100 ரூபாய் தாளோ நோட்டரி சீலோ தானாகக் கல்யாணத்தை முறிக்காது. நோட்டரி சான்று தருவது கையெழுத்துக்கு, விவாகரத்துக்கு அல்ல. உங்கள் விஷயத்தில் முறிக்கக்கூடியது ஊர் வழக்கம் ஒன்றுதான். அந்த வழக்கமும் சும்மா "எங்க ஊர்ல இப்படித்தான்" என்றால் நிற்காது. பழமையானது, தொடர்ந்து கடைப்பிடிக்கப்படுவது, நிச்சயமானது என்று மனுவில் எழுதி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ஊர்க்கவுண்டர், பெரியவர்கள், முன்பு இதே முறையில் கல்யாணத்தைத் தீர்த்துவிட்ட குடும்பங்கள், பரியம் (பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பணம்) திருப்பிக் கொடுத்த விவரம், இதெல்லாம்தான் சாட்சியம். நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2005இல் உச்ச நீதிமன்றம், வழக்கப்படியான விவாகரத்தைச் சொல்லுகிறவரே நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதாவது நிரூபிக்கும் பாரம் மாப்பிள்ளை மேல்.

இப்போது உண்மையான ஆபத்து. எல்லோரும் "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்ற வரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்த வரிக்கு மதிப்பு குறைவு. ஜீவனாம்ச உரிமையை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது, குழந்தையின் பங்கை விட்டுக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரமில்லை. ஆனால் "மனமொத்துப் பிரிகிறோம்" என்ற வரி கத்தி மாதிரி. ஜீவனாம்சத்துக்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 144. அதன் உட்பிரிவு 4, கணவன் மனைவி பரஸ்பர சம்மதத்தோடு தனித்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே இந்தப் பத்திரத்தைச் சான்றாக மார்க் பண்ணுவார்.

அதனால் பத்திரத்தை மறைக்காதீர்கள். மனுவிலேயே நீங்களாகச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினார்களா, குழந்தையை வைத்து மிரட்டினார்களா. குறுக்கு விசாரணையில் அவர்கள் வாயிலிருந்து வந்தால் "ஏன் சொல்லவில்லை" என்பதற்குப் பதில் இருக்காது.

இன்னொன்று. ஊர்த் தீர்வு (ஊர் கூடிக் கல்யாணத்தை முறித்தது) செல்லும் என்று அவர்கள் நிரூபித்தே விட்டாலும், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணும் பிரிவு 144இல் "மனைவி"தான். பத்திரத்தால் கல்யாணம் முறிந்துவிட்டது என்று அவர் ஜெயித்தால், "சும்மா தனித்து வாழ்கிறாள்" என்ற வாதம் அவருக்குக் கை கொடுக்காது. ரெண்டு பக்கமும் அவரால் நிற்க முடியாது.

பதில்: கோரிமேடு_குமாஸ்தா

மேல சொன்னது சரி. எங்க போகணும்ங்கறதுக்கு நான் சொல்றேன்.

இப்போ தேவை என்ன? குழந்தைக்கு மாசாமாசம் பணம், கல்யாணத்துல போட்ட நகை, மிரட்டல் நிக்கணும். இந்த மூணுக்கும் டைவர்ஸ் ஓ.பி. தேவையே இல்லை. ஜீவனாம்சப் பிரிவும், 2005 குடும்ப வன்முறைச் சட்டமும் சாதி, மதம், எஸ்.டி. எதையும் பாக்காது, எல்லாருக்கும் ஒண்ணுதான். டைவர்ஸை ஒரு வருஷம் கழிச்சுக்கூட யோசிக்கலாம்.

முதல் நடை: அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. ஏற்காடு பஸ்ல இறங்கி வரும்போது புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக வேண்டாம், அஸ்தம்பட்டியிலயே இறங்கிடலாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, பட்டியல் பழங்குடிக்கும் கிடையாது. தங்கச்சி ரெண்டு வகையிலும் தகுதி. வக்கீல், கோர்ட் கட்டணம், பேட்டா (சம்மன் அனுப்புற செலவு) எல்லாம் அதுலயே வரும். கொண்டு போக வேண்டியது ஆதார், சாதிச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, குழந்தை பிறப்புச் சான்று, அந்த 100 ரூபாய் பத்திரத்தோட ரெண்டு பக்க ஜெராக்ஸ். போறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்கணும்னா சட்ட உதவி போன் எண் 15100.

அங்க லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பலாமான்னு கேப்பாங்க. தொகை, நகை, குழந்தையப் பாக்குற நேரம் இதெல்லாம் பேசி முடிக்க நல்ல இடம். தீர்ப்பு சிவில் கோர்ட் தீர்ப்பாணை மாதிரி, மேல்முறையீடு இல்லை. மேல்முறையீடு இல்லைங்கறதாலயே தொகை மனசுக்குப் படாம கையெழுத்துப் போடக் கூடாது. விவாகரத்தை அங்க தர மாட்டாங்க.

ரெண்டாவது நடை: குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர், மாவட்ட சமூக நல அலுவலகம். அவங்க குடும்ப நிகழ்வு அறிக்கைன்னு ஒண்ணு, படிவம் 1, எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. காசு கிடையாது. இதுல நடக்குற தப்பு என்னன்னா, "அடிச்சார், திட்டினார்"னு ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. தேதி, இடம், யார் பாத்தாங்க, ஆஸ்பத்திரி சீட்டு, செலவுக்குப் பணம் நிறுத்தின மாசம், நகை எத்தனை பவுன், யார்கிட்ட இருக்கு, இவ்வளவும் எழுதணும். பணத்தை நிறுத்துறதும் இந்தச் சட்டத்துல வன்முறைதான். நகையைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவு பிரிவு 19(8)ல இருக்கு.

வீடு மாமனார் பேர்லன்னு விட்டுடாதீங்க. அவர் பேர்ல இருந்தாலும் மருமகள் குடித்தனம் இருந்த வீடு பகிர்ந்த இல்லம்தான்னு 2020ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. தோட்டத்துல பங்கு கிடைக்கும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. குடியிருக்குற உரிமை மட்டும்.

குடும்ப வன்முறை மனுவுக்கு முதல் வாய்தா 3 நாள்ல, முடிவு 60 நாள்லன்னு சட்டம் எழுதியிருக்கு. நடப்பு வேற. அதனால மனுவோடயே பிரிவு 23ல இடைக்கால உத்தரவு கேட்டு அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போடச் சொல்லுங்க.

மகளிர் காவல் நிலையம் மூணாவது. அடி, மிரட்டல் இன்னிக்கு நடக்குதுன்னா மட்டும் அதை முதலாவதா வெச்சுக்கோங்க, இல்ல பெண்கள் உதவி எண் 181 அடிங்க. போனா சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கினதுக்கான ரசீது) வாங்காம வராதீங்க. பேசி அனுப்புறதோட முடிஞ்சா நாளைக்குப் போன தடயமே இருக்காது.

பதில்: ஒண்டிக்கடை_ஓரம்

ஒரு மாற்றுக் கருத்து. ஊர்த் தீர்வை எடுத்தவுடனே "செல்லாது"ன்னு மனுவில் எழுத வேண்டாம். மலையில் தீர்த்துவிட்டு மறுமணம் செய்வது வழக்கமாக இருக்கிறது என்றால், நாளைக்குத் தங்கச்சிக்கே அது தேவைப்படலாம். "வழக்கம் உண்டு, ஆனா இந்தப் பஞ்சாயத்தில் அந்த முறையைக் கடைப்பிடிக்கவில்லை, என் சம்மதம் உண்மையானதல்ல" என்று எழுதினால் ரெண்டு கதவும் திறந்திருக்கும். பிற்பாடு அவளே பிரிய நினைத்தால், குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 7 விளக்கம் (பி)யில் திருமண நிலை பற்றி விளம்புகை (நிலை இதுதான் என்ற நீதிமன்ற அறிவிப்பு) கேட்டு வழக்குப் போடலாம். அந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் பேச்சு இருக்காது.

தை மாசக் கல்யாணத்துக்கு இருதார வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 82. பழங்குடியினர் விஷயத்தில் இரண்டாம் திருமணம் செல்லாது என்று சமூக வழக்கமே சொல்வதாக நிரூபிக்க வேண்டும். 2001இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கை இதனால்தான் தள்ளியது. குடும்ப நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பது நேர் வழி, கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்பதென்றால் மார்கழிக்குள் கேளுங்கள்.

குழந்தை: இப்போது தாயிடம் இருக்கிறது, அதனால் நீங்களாக வழக்குப் போட வேண்டாம். அங்கன்வாடி பதிவு, தடுப்பூசி அட்டை உங்கள் முகவரியில் இருக்கட்டும். 1890 காப்பாளர் சட்டத்தில் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்தான் எந்த நீதிமன்றம் என்பதைத் தீர்மானிக்கும். தூக்கிப் போய்விட்டால் அன்றைக்கே எழுத்தில் புகார். ஆட்கொணர்வு மனு என்றால் சென்னை உயர் நீதிமன்றம், சேலத்துக்கு மதுரைக் கிளை இல்லை.

நாகலூர்_மிளகு

ரொம்ப நன்றி. 40 ஆயிரத்தை நிறுத்திட்டேன். ஒரு சந்தேகம்: அவருக்குச் சம்பள ரசீது எதுவும் இல்லை. லாரியும் வாடகை லாரின்னு சொல்லப் போறார். வருமானத்தை எப்படிக் காட்டுறது?

பதில்: வாய்தா_சேலம்

2020இல் உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு ரெண்டு பேரும் சொத்து, கடன் பற்றிய அபிடவிட் போட்டே ஆக வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் 4 வாரம். அதில் மூன்று படிவம் உண்டு. விவசாய வருமானக்காரருக்கு இணைப்பு 2, மற்றவர்களுக்கு இணைப்பு 1. (மூன்றாவது மேகாலயாவுக்கு, நமக்கு வேண்டாம்.) தோட்டத்தைக் காரணம் காட்டி அவர் இணைப்பு 2 மட்டும் போட்டால் லாரி வருமானம் ஒளிந்துகொள்ளும். இணைப்பு 1 கேட்டு ஆட்சேபணை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் சேர்க்க வேண்டியவை: லாரி பதிவு எண்ணும் யார் பெயரில் என்பதும், எந்த மண்டிக்கு லோடு ஓடுகிறது, வண்டிக் கடன் தவணை எவ்வளவு. மாதம் 15 ஆயிரம் தவணை கட்டுகிறவர் 10 ஆயிரம் வருமானம் என்று சொன்னால் மிச்சத்தை நீதிபதியே கணக்குப் போட்டுக்கொள்வார். தோட்டத்துக்குச் சிட்டா எடுத்து வையுங்கள், அப்பா பெயரில் இருந்தாலும் குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டும். உடம்பு நன்றாக உள்ள ஆணுக்குச் சம்பாதிக்கும் சக்தி உண்டு என்ற அனுமானம் உங்களுக்குச் சாதகம்.

தங்கச்சி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள் என்றால் அதையும் அபிடவிட்டில் எழுதட்டும். சீசன் கூலியால் ஜீவனாம்சம் போய்விடாது, மறைத்தால் மட்டும் அவள் பேச்சில் நம்பிக்கை போய்விடும். அதேபோல் குடும்ப வன்முறை மனுவில் தொகை கேட்டிருந்தால், 144 மனுவில் அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றில் கிடைப்பது மற்றதில் கழியும்.

தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும், அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். உத்தரவு வந்தும் கட்டவில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். பலர் மூணு வருஷம் பொறுத்துவிட்டு மொத்தமாகக் கேட்டு, பழைய பாக்கிக்கு வாரன்ட் வாங்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

பதில்: கோரிமேடு_குமாஸ்தா

ஏற்காடு உங்க குடும்ப நீதிமன்றத்தோட எல்லைக்குள்ள வந்தா 144 மனு அங்க, வராட்டி ஜுடிசியல் மாஜிஸ்திரேட் கோர்ட்ல. சட்ட உதவி வக்கீல் பைல் பண்ணும்போது பாத்துக்குவார். நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கோட அடையாள எண்) எழுதி வாங்கிக்கோங்க. ஈ-கோர்ட்ஸ் ஆப்ல வாய்தா தேதி தெரியும், ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து "இன்னிக்கு ஜட்ஜ் லீவு"ன்னு கேட்டுத் திரும்ப வேண்டாம். சம்மனுக்கு மாப்பிள்ளையோட சேலம் முகவரி, மலை முகவரி ரெண்டையும் குடுங்க. ஒண்ணு "கதவு பூட்டியிருக்கு"ன்னு திரும்பினா ஒரு வாய்தா வீணாப் போகும்.

அந்த 100 ரூபாய் பத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதின தேதியும் வாங்கினவர் பேரும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் பேர்ல, பஞ்சாயத்துக்கு முந்தின தேதியில இருந்தா, பேசி முடிவெடுத்து எழுதினதுன்னு அவங்க சொல்றதைக் குறுக்கு விசாரணையில உடைக்க அந்த ஒரு வரி போதும். அசல் அவங்க கையில இருந்தா, இப்பவே ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.