புதுப்பிப்பு: பென் டிரைவில் ஏறாத 6 ஜிபி வீடியோ

20 ஜிபி காலியாக இருந்தும் வீடியோ காப்பி ஆகவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, காரணம் பென் டிரைவின் ஃபேட்32 ஃபார்மேட், அதாவது அது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது; காலி இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றுவதுதான் நேர்வழி. ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவும் படிக்காது.

ஃபார்மேட் வேண்டாமா? ஃபைலைத் துண்டு போடும் இலவச மென்பொருள் 7-ஜிப் போதும். ஃபைலை ரைட் கிளிக் செய்து 'ஆட் டு ஆர்கைவ்' போய், 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' பெட்டியில் 4092எம் தேர்ந்தெடுங்கள். கம்ப்ரஷன் லெவல் 'ஸ்டோர்' (சுருக்காமல் அப்படியே வைப்பது) இருக்கட்டும். வீடியோ எப்படியும் பெரிதாகச் சுருங்காது, நேரம்தான் வீண். வரும் துண்டுகளைப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள்; எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கணும். வீடியோவைத் திரும்ப எடுக்க, 001 என முடிவதை 7-ஜிப்பில் திறந்து, ஹார்ட் டிஸ்கில் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். பென் டிரைவிலேயே எக்ஸ்ட்ராக்ட் செய்தால் மறுபடி அதே எரர்தான் வரும்.