1980-களின் பேஸ்பால்: பேர் மறந்துபோன ஆட்டக்காரர்கள்

பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இங்கே 1980-களில் உச்ச மட்டமான மேஜர் லீகிலோ அதற்கு அடுத்த படியிலோ ஆடி, இன்று பேரைச் சொன்னால் "யார் அது?" என்று கேட்கப்படுகிறவர்களை நினைவுகூர்வோம். "நல்லா ஆடுவார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். என்ன செய்தார், எப்படிச் செய்தார், எதிரில் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும்.

—

என் பங்குக்கு ஜீனோ பெட்ரல்லி. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் கேட்சர். 1987 சீசனில் 35 பாஸ்டு பால். 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் வேறு எந்தக் கேட்சரும் இத்தனை விட்டதில்லை. கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு: கீப்பர் விட்ட பை மாதிரிதான், ஆனால் இங்கே அது கேட்சர் பேரிலேயே ஏறும். இந்த ஒரு எண்ணை வைத்து அவரை மட்டம் தட்டுவது அநியாயம். அதே வருஷம் அவருடைய பேட்டிங் சராசரி .302, அதாவது பத்துத் தடவைக்கு மூன்று ஹிட் (அடித்துவிட்டு பேஸ் போய்ச் சேர்வது), நல்ல கணக்கு. கையில் பந்து நிற்காததற்குக் காரணம், வீசியவர் சார்லி ஹஃப்.

ஹஃபுக்கு அப்போது வயது 39. அந்த சீசனில் 40 ஆட்டங்களைத் தொடங்கி 285 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். வீசியதில் பெரும்பங்கு நக்கிள்பால். பேர்தான் நக்கிள் (விரல் முட்டி), பிடிப்பது விரல் நுனியில். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நகமும் தையலுக்குச் சற்றுப் பின்னால் பதியும், கட்டை விரல் அடியில் தாங்கும். மணிக்கட்டை மடக்காமல் பந்தைத் தள்ளி விட வேண்டும். பேட்டரிடம் போய்ச் சேர்வதற்குள் பந்து ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்றுக்குள் சுழன்றால் சரி. தையல் மெதுவாகத் திரும்பத் திரும்ப காற்றின் இழுப்பு பக்கம் மாறும், பந்தும் கடைசி நேரத்தில் விலகும். நகம் உடைந்தாலோ மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலோ சுழற்சி கூடிவிடும். அப்புறம் அது மணிக்கு 105 கிலோமீட்டரில் நேராக வரும் மெதுவான பந்து. யார் வேண்டுமானாலும் வெளியே அடிக்கலாம்.

எந்தப் பக்கம் விலகும் என்று வீசுகிறவருக்கே தெரியாதபோது கேட்சருக்கு எப்படித் தெரியும்? கையை முன்னால் நீட்டிப் பிடிக்கப் போனால் தொலைந்தது. பந்து உடம்புக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து கடைசியில்தான் கையுறையை நகர்த்த வேண்டும். ஆட்டப் பதிவு கிடைத்தால் பந்தை விட்டுவிட்டுப் பெட்ரல்லியின் இடது கையை மட்டும் பாருங்கள். எவ்வளவு கடைசி நொடியில் அசைகிறது என்பது புரியும்.

—

மேலே எழுதியவர் சொன்னதோடு கையுறை விஷயத்தையும் சேர்க்க வேண்டும். 1960-ல் பால்டிமோர் மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ், தன் அணியில் பந்து வீசிய ஹோய்ட் வில்ஹெல்மின் நக்கிள்பாலுக்காகவே ஒரு ராட்சசக் கையுறை செய்ய வைத்தார். பிறகு விதி வந்து, கேட்சர் கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. பெட்ரல்லி அந்த வரம்புக்குள்தான் சமாளித்தார்.

இன்னொன்று: பந்து மெதுவாக வந்தால் ரன்னர்களுக்குக் கொண்டாட்டம். 18.44 மீட்டரை வேகப்பந்து ஏறக்குறைய 0.45 நொடியில் கடக்கும். நக்கிள்பாலுக்கு 0.6 நொடிக்கு மேல் ஆகும். அந்த வித்தியாசம் போதும், ரன்னர் இரண்டாவது பேஸைத் திருடிவிடுவார், அதாவது யாரும் அடிக்காமலே ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால்தான் முதல் பேஸுக்குத் திடீரென எறிந்து ரன்னரை மடக்குவதை ஹஃப் அவ்வளவு நன்றாகப் பழகி வைத்திருந்தார். 46 வயது வரை வீசி 216 வெற்றி, 216 தோல்வி என்ற கணக்கோடு 1994-ல் முடித்தார்.

—

ரிக் கேம்ப், அட்லாண்டா பிரேவ்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்). 1985 ஜூலை 4 இரவு, நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கி, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் 18-வது இன்னிங்ஸுக்குப் போய்விட்டது. மெட்ஸ் 11, பிரேவ்ஸ் 10. இரண்டு அவுட், இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது. மாற்று பேட்டர் ஒருவரும் மிச்சமில்லாததால் கேம்ப் தானே மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று. அவருடைய சராசரி .060. நூறு தடவைக்கு ஆறு ஹிட்! மெட்ஸ் பிட்சர் டாம் கோர்மன் இரண்டு ஸ்டிரைக் எடுத்துவிட்டார் (மூன்றானால் அவுட்), இலக்குக்கு வெளியே போன 'பால்' ஒன்றுகூட இல்லை. அடுத்த பந்து இடது பக்க வேலியைத் தாண்டியது. அங்கே நின்ற டேனி ஹீப் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். கேம்ப் மேஜர் லீகில் அடித்த ஒரே ஹோம் ரன் அது.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். 19-வது இன்னிங்ஸில் அதே கேம்ப் வீசும்போது மெட்ஸ் ஐந்து ரன் எடுத்தது. பிரேவ்ஸ் இரண்டு ரன் திருப்பியது, இருவர் பேஸில், மறுபடியும் மட்டை கேம்ப் கையில். இன்னொரு ஹோம் ரன் என்றால் பேஸில் இருந்த இருவரோடு சேர்த்து மூன்று ரன், சமன். ரான் டார்லிங் அவரை ஸ்டிரைக் அவுட் செய்தார், 16-13. தோல்வியும் கேம்ப் கணக்கில் ஏறியது. மணி விடிகாலை 3:55. அதற்குப் பிறகுதான் சுதந்திர தின வாணவேடிக்கை விட்டார்கள்.

—

ஜோயல் யங்பிளட் பேரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! 1982 ஆகஸ்ட் 4. பகலில் சிகாகோவில் மெட்ஸுக்காக ஃபெர்கூசன் ஜென்கின்ஸ் பந்தில் இரண்டு ரன் தந்த ஹிட். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை வெளியே கூப்பிட்டு, "உன்னை மான்ட்ரியாலுக்கு மாற்றியாயிற்று" என்றார்கள். கிளம்பியவர் கையுறையை மறந்து திரும்ப வந்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். ராத்திரி ஃபிலடெல்ஃபியாவில் மான்ட்ரியால் எக்ஸ்போஸுக்காக இறங்கி ஸ்டீவ் கார்ல்டன் பந்தில் இன்னொரு ஹிட். ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு அணி, அதுவும் பிற்காலத்தில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன இருவருக்கு எதிராக.

—

டேவ் கோசா, பாடக்கெட் அணி. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஆனாலும் இந்த வரிசையில் அவருக்கு இடம் உண்டு. 1981 ஏப்ரல் 18-ல், மேஜர் லீகுக்கு அடுத்த படியில் இருந்த பாடக்கெட்டுக்கும் ராச்செஸ்டருக்கும் தொடங்கிய ஆட்டம் 32 இன்னிங்ஸ் ஓடி விடிகாலை 4:07-க்கு நிறுத்தப்பட்டது. இத்தனை மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்ற விதி நடுவரின் கையேட்டுப் பிரதியில் இல்லாமல் போனதே அவ்வளவு நேரம் இழுத்ததற்குக் காரணம். அப்போது அரங்கில் மிஞ்சிய ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23-ல் மீண்டும் தொடங்கியபோது 18 நிமிஷம்தான். 33-வது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, கோசா அடித்த ஹிட்டில் 3-2. அந்த ஆட்டத்தில் அவருக்கு 14 முயற்சியில் 5 ஹிட்.

எதிரணியான ராச்செஸ்டரில் பிட்சர் ஜிம் அம்பர்கர் 23-வது இன்னிங்ஸில் வந்து பத்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரு முழு ஆட்டத்தைவிட அதிகம், அதுவும் நடுங்கும் குளிரில்! பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கேல் ரிப்கனும் வேட் பாக்ஸும் ஆடிய ஆட்டம் என்று சொல்கிறவர்கள் இவரையும் ஒரு வரி சொல்லலாம்.