அயோர்டிக் கசிவுள்ள நோயாளி: ரூட்டில் கொடுத்த கார்டியோபிளீஜியாவுக்கு இதயம் நிற்கவில்லையென்றால்?

பம்ப்பக்கம் (கேள்வி)
அயோர்டிக் வால்வு (இடது வென்ட்ரிக்கிளுக்கும் பெருந்தமனியான அயோர்டாவுக்கும் நடுவே உள்ளது) மாற்றும் கேஸ், எடை 60 கிலோ, கசிவு நடுத்தரத்துக்கு மேல். அயோர்டாவில் கிளாம்ப் போட்டு ரூட் (அயோர்டாவின் அடிப்பகுதி) வழியாக 4:1 இரத்தக் கார்டியோபிளீஜியா (இதயத்தை நிறுத்தும் பொட்டாசியக் கரைசல், நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு படிகத் திரவம்), நிமிடத்துக்கு 300 மி.லி. 600 மி.லி. போன பிறகும் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற துடிதுடிப்பு) ஓடுகிறது, செப்டத்தில் (வென்ட்ரிக்கிள்களின் நடுச்சுவர்) குத்திய வெப்பமானி ஊசி 22 டிகிரி. லைன் பிரஷர் 150 என்பதால் அழுத்தம் போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொட்டாசியத்தைக் கூட்டலாமா?

கிளாம்ப்நேரம்
இரண்டும் வேண்டாம்.

லைன் பிரஷர் என்பது குழாயும் கானுலாவும் (முனையில் செருகும் குழல்) தரும் தடையையும் சேர்த்த எண். மெல்லிய கானுலாவில் 150 காட்டும்போதே ரூட்டில் 30 கூட இல்லாமல் போகலாம். ரூட்டிலேயே அளந்தால் 60–80 மி.மீ. வேண்டும். அளக்க வழியில்லையா, சர்ஜனை ரூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விறைப்பாக இல்லாமல் தொளதொளவென்று இருந்தால், திரவம் வால்வு வழியாக இடது வென்ட்ரிக்கிளுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

அது வீணாவது மட்டுமல்ல பிரச்சினை. வென்ட்ரிக்கிள் உப்பினால் சுவர் இழுபட்டு எண்டோகார்டியத்தை ஒட்டிய தசைக்கு ரத்தம் போகாது. அதுவும் ஃபிப்ரிலேட் ஆகிற, தடித்த வென்ட்ரிக்கிள் என்றால் முதலில் அடிபடுவது அந்த அடுக்குதான்.

பொட்டாசியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவில் தசைக்குப் போய்ச் சேர்ந்தாலே செல்லின் ஓய்வு மின்னழுத்தம் -50 மில்லிவோல்ட் பக்கம் வரும், சோடியம் சேனல்கள் முடங்கும், இதயம் டயஸ்டோலில் (தளர்ந்த நிலையில்) நிற்கும். அளவு மிக அதிகமானால் கால்சியம் உள்ளே ஏறித் தசை இறுகும். 1955இல் மெல்ரோஸ் கொண்டுவந்த பொட்டாசியம் சிட்ரேட் முறை கைவிடப்பட்டதும் தசைச் சேதத்தால்தான். உங்கள் கேஸில் மருந்து குறைவில்லை, போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: ரூட் டோஸை நிறுத்துங்கள். வலது மேல் பல்மனரி வெயின் வழியாக வென்ட் (இடது வென்ட்ரிக்கிளை வடிக்கும் குழாய்) ஓடுகிறதா பாருங்கள். அயோர்டாவைத் திறந்து, ஆஸ்டியல் கானுலாவால் (ஆஸ்டியம் எனும் கரோனரி வாயில் வைப்பது) இடது, வலது கரோனரி இரண்டுக்கும் நேரடியாகக் கொடுங்கள். பெரும்பங்கு இடதுக்கு. இடதுக்குக் கானுலாவை ஆழமாகத் தள்ளினால் ஒரே கிளைக்குள் போய் உட்காரும், மற்ற கிளை பட்டினி.

சைனஸ்வழி
கசிவு முன்பே தெரிந்தால் ரெட்ரோகிரேடில் (கரோனரி சைனஸ் எனும் இதயச் சிரை வழியாகப் பின்னோக்கிக் கொடுப்பது) தொடங்குவதே என் விருப்பம். கரோனரி சைனஸ் அழுத்தம் 30–40 மி.மீ., ஓட்டம் நிமிடத்துக்கு 200 மி.லி. சுமார். 40ஐத் தாண்ட விடாதீர்கள், சைனஸ் கிழியும். ஓட்டம் இருந்தும் அழுத்தம் 20க்குக் கீழே என்றால் கானுலா வலது ஏட்ரியத்துக்குள் நழுவியிருக்கும், அல்லது இடதுபக்க மேல் வீனா கேவா இருந்து எல்லாம் அதில் வடிந்துவிடும். அயோர்டா திறந்திருக்கும்போது இரு ஆஸ்டியங்களிலிருந்தும் கருஞ்சிவப்பாக ரத்தம் வழிந்தால் வழி சரி. வலதில் மட்டும் வரவில்லையா, பலூன் ஆழமாகப் போய் மிடில் கார்டியாக் வெயினை அடைத்திருக்கலாம், சற்று வெளியே இழுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரெட்ரோகிரேட் மட்டும் போதாது. வலது வென்ட்ரிக்கிளின் சிரைகள் பல நேரே அறைகளுக்குள் திறக்கின்றன, அதனால் அந்தத் தசைக்குக் கொஞ்சமே போகும். வலது ஆஸ்டியத்துக்குத் தனி டோஸ் கொடுங்கள்.

பம்ப்பக்கம்
நின்ற பிறகு 15 நிமிடத்தில் ஈசிஜியில் மறுபடி அலை வந்தால்?

கிளாம்ப்நேரம்
வழக்கமான 20 நிமிட டோஸ் இடைவெளியைப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே அடுத்த டோஸ். கொலாட்டரல் ரத்தம் (பக்கக் குழாய்கள் வழியாக இதயத்துக்கு வருவது) பொட்டாசியத்தைக் கழுவுகிறது, அதுவே சூடும் ஏற்றுகிறது. உடலை 34 டிகிரியில் ஓட்டினால் இன்னும் வேகமாக. துடிக்கும் தசை 100 கிராமுக்கு நிமிடத்தில் 8–10 மி.லி. ஆக்சிஜன் கேட்கும். நின்றால் 1 மி.லி. அளவுக்கு இறங்கிவிடும். அதற்குமேல் குளிர் தரும் சேமிப்பு சிறிதுதான், ஆகவே முதலில் இதயம் நிற்க வேண்டும். ஐஸ் சேற்றைப் பெரிகார்டியத்தில் கொட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், ஃப்ரெனிக் நரம்பு (உதரவிதானத்தை இயக்குவது) செயலிழக்கும்.

ஒருடோஸ்
டெல் நிடோ (ஒரே டோஸ் நீண்ட நேரம் தாங்கும், லிடோகைன் கலந்த கார்டியோபிளீஜியா) யோசித்தால்: கிலோவுக்கு 20 மி.லி., ஆனால் பெரியவர்களுக்கு உச்சவரம்பு 1000 மி.லி., ஆகவே 60 கிலோவுக்கு 1200 இல்லை. ஒரு பங்கு ரத்தம், நாலு பங்கு படிகத் திரவம், அதாவது உங்கள் 4:1க்கு நேர் தலைகீழ். செட்டிங் மாறிப்போனால் கலவையே வேறாகும், பம்ப் ஹெட்டை இருவர் சரிபாருங்கள். லிடோகைன் சோடியம் சேனலை அடைத்து வைப்பதால் இடைவெளி நீளம், பெரியவர்களில் 60–90 நிமிடம். கசிவுள்ளவருக்கு இதையும் ரூட்டில் கொடுத்தால் அதே கதைதான். ஆஸ்டியல் கானுலாவில் கொடுங்கள், அதற்குமுன் லைனில் காற்று இல்லையென்று உறுதிசெய்யுங்கள்.