1965 ஹெரால்டு திறந்த வண்டி: முழு பெயிண்ட், ரெண்டு கலர், புது டாப். கடலோரத்துல எப்படிப் பண்ணணும்?

குருசுக்குப்பம்_ஹெரால்டு:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. முன்னாடி வச்சிருந்தவங்க கூரையைக் கழட்டிட்டு மடக்கு டாப் போட்டிருக்காங்க. வண்டி நிக்கிறது புதுச்சேரி குருசுக்குப்பத்துல, கடலுக்குப் பக்கத்துலயே, ஷெட்டுக்குள்ள. இன்ஜின் வேலை முடிஞ்சாச்சு, இனி வெளிவேலைதான்.

இப்போ இருக்கிறது சிவப்பு. கதவுக்குப் பின்னாடி தூண் ஓரமா மெல்லிசா விரிசல். பின்சக்கர வளைவுல கொப்புளம். கதவோட பின்பக்க இடைவெளி கீழே சரியா இருக்கு, மேலே போகப் போக நெருங்குது. ஆசைப்படுறது கரும்பச்சை, பக்கவாட்டுல கிரீம் பட்டை, வெளிர் பழுப்பு டாப், பம்பருக்குப் புது குரோம். மேலாக தேய்ச்சு, பட்டி பார்த்து அடிச்சிடலாம்னு பெயிண்டர் சொல்றார். அது நிக்குமா? டாப் முதல்லயா, பெயிண்ட் முதல்லயா? ஆர்.சி.யில வெள்ளை, சலூன் (கூரை மூடின கார்)னு இருக்கு. அதுக்கு என்ன பண்ணணும்?

டிங்கர்_மஞ்சக்குப்பம்:

தம்பி, பெயிண்ட் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அந்தக் கதவு இடைவெளியைப் பார்க்கணும். மேலே நெருங்குதுன்னா வண்டி நடுவுல தொய்ஞ்சிருக்கு. திறந்த வண்டியில கூரை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்து சேஸிஸ் மேல விழுது. தூண் ஓர விரிசலுக்கும் அதான் காரணம். பள்ளத்துல ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இடம் அசையும். அங்கே பட்டி கனமா இருந்தா வெடிக்காம இருக்காது. எந்தக் கம்பெனி பெயிண்ட் அடிச்சாலும் ஒரு மழைக்காலத்துக்குள்ள அதே கோடு திரும்ப வந்துடும்.

ஹெரால்டுக்கு தனி சேஸிஸ், பாடி அதுமேல போல்ட்டுல உக்காந்திருக்கும். போல்ட் இருக்கிற இடங்கள்ல ரப்பர் பேடும், உயரம் சரிக்கட்டுற மெல்லிய தகடான ஷிம்மும் இருக்கும். முதல்ல வண்டியைத் தூக்கி, சேஸிஸ்லேர்ந்து பக்கவாட்டுல நீட்டி நிக்கிற கைகளை ஸ்க்ரூடிரைவரால நல்லா குத்திப் பாருங்க. உள்ளே இறங்குச்சுன்னா வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெல்டு பண்ணுங்க. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில தண்ணி நின்ன இடத்துல இருந்த வண்டியா இருந்தா சேஸிஸ் உள்ளே சேறு கட்டியிருக்கும். ஓட்டை வழியா தண்ணி அடிச்சு வெளியே எடுத்தாகணும். அப்புறம் பேடு மாத்தி, நடுப்பக்க போல்ட்டுகள்ல ஷிம் கூட்டி கதவை நேர் பண்ணுங்க. வண்டி நாலு டயர்லயும் தரையில நிக்கணும், சீட்டு உள்ளே இருக்கணும். ஜாக்கியில நிக்கும்போது பார்த்த இடைவெளி பொய். மேல கீழ 4-5 மில்லிமீட்டர் சமமா வந்தா போதும். பானெட் முழுசா முன்பக்கம் கவிழ்ற வண்டி, அதோட பிவட்டையும் ரப்பர் கோனையும் இப்பவே சரி பண்ணிக்கோங்க. பெயிண்ட் ஆன பிறகு பானெட்டை நகர்த்தினா ஓரம் சிதறும்.

மேலாக தேய்ச்சு அடிக்கிறது நிக்குமான்னு தெரிய ஒரு சோதனை இருக்கு. வெள்ளைத் துணியில என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைச்சு, பானெட் உள்பக்கம் ஒரு நிமிஷம் அழுத்தித் தேய்ங்க. துணியில சிவப்பு ஏறினா அடியில என்.சி. பெயிண்ட். அதுமேல டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட்) அடிச்சா அதோட தின்னர் பழசை ஊற வச்சு சுருக்கம் விழ வைக்கும். துணி சுத்தமா இருந்தாலும் கொப்புளம் வந்த வண்டிக்கு என் கருத்து ஒண்ணுதான்: தகடு தெரியிற வரைக்கும் உரிங்க. கொப்புளம்னா அடியில துரு, துருவுக்குள்ள உப்பு.

உரிக்க ரிமூவர் போதும். மணல் அடிக்கிறதை சேஸிஸோட நிறுத்திக்கோங்க. கதவு, பானெட் மாதிரி தட்டைத் தகட்டுல அடிச்சா மணல் மோதுற வேகத்துல வளைஞ்சிடும். பட்டி மூணு மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. தூண் ஓரத்துல பட்டியே வேண்டாம், தட்டி நிமிர்த்துங்க, இல்லேன்னா ஈயம் வச்சு நிரப்புங்க. அது தகட்டோட சேர்ந்து அசையும்.

பூத்து_வில்லியனூர்:

மேலே சொன்னதோட இதைச் சேர்த்துக்கோங்க: தண்ணி. நம்ம கடலோரத்துல நிறைய போர்வெல்ல உப்புத் தண்ணி. அதுல தகட்டைக் கழுவி, அதே தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர் போட்டா, காய்ஞ்ச பிறகு உப்பு மட்டும் தகட்டுலயும், கலருக்கு அடியில சமன் பண்ண அடிக்கிற சர்ஃபேஸர்லயும் தங்கிடும். பெயிண்ட் வழியா ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போகும், உப்பு அதை இழுத்துப் பிடிக்கும். சில மாசத்துல கடுகு கடுகா கொப்புளம். அதனால உரிச்ச தகடு கழுவுறதுலேர்ந்து கடைசி தேய்ப்பு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணி. கேன்ல வாங்கினாலும் மொத்த செலவுல அது தூசு.

வரிசை இப்படி: உரிச்ச தகட்டுல துரு இருக்கிற இடத்துக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி. அது தானா காய விடாதீங்க. ஈரமா இருக்கும்போதே கழுவி, ஹீட் கன் போட்டு மடிப்பு, இடுக்கு எல்லாம் காய வைங்க. ஆசிட் மிச்சம் இருந்தா மேல வர எபாக்ஸி (துருவைத் தடுக்கிற பிரைமர்) பிடிக்காம செதில் செதிலா வரும். 80 நம்பர் உப்புத்தாள் ஒரு தடவை, கிரீஸ் ரிமூவர், அதே நாள்ல எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட்டு. ராத்திரி வெறும் தகடா விட்டீங்கன்னா காலையில மஞ்சள் பூத்திருக்கும். பட்டியை எபாக்ஸிக்கு மேல போடுங்க. அப்புறம் டூ-கே சர்ஃபேஸர் மூணு கோட்டு, மேடு பள்ளம் தெரிய மேல கருப்புப் பவுடர் தூவி, கட்டை வச்சு 320, கடைசியா 600 வாட்டர் பேப்பர். கரும்பச்சை எந்த அலையையும் காட்டிக்கொடுக்கும். கட்டை இல்லாம விரலால தேய்ச்சா வெயில்ல விரல் தடம் தெரியும்.

இந்த அளவு வண்டிக்கு, உள்பக்கம், கதவு விளிம்பு, டிக்கி எல்லாம் சேர்த்து எபாக்ஸி 2 லிட்டர், சர்ஃபேஸர் 3 லிட்டர், பச்சை 2 லிட்டர், கிரீம் அரை லிட்டர், கிளியர் (கலர் மேல அடிக்கிற நிறமில்லாத கோட்டு) 2 லிட்டர். ஹார்டனர், தின்னர் தனி. கலவை விகிதம் டின்ல இருக்கிறதுதான், கண் மதிப்பு வேண்டாம். வேகமா காயட்டும்னு ஹார்டனரைக் கூட்டினா கிளியர் மொறமொறன்னு ஆகி, அசையிற வண்டியில விரிசல் விடும். நம்ம வெயிலுக்கு மெதுவான தின்னர் வாங்குங்க. வேகமான தின்னர் போட்டா பெயிண்ட் காத்துலயே காய்ஞ்சு சொரசொரன்னு விழும். கன் நாசில் சர்ஃபேஸருக்கு 1.7, கலருக்கும் கிளியருக்கும் 1.3.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தொடவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்லது. பனி வடிஞ்சு ஒம்பது மணிக்கு மேல ஆரம்பிச்சு, கடல்காத்து வீச ஆரம்பிக்கிறதுக்குள்ள கிளியரை முடிச்சிடணும். கணக்கு இதுதான்: காத்து 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா தண்ணி படியிற சூடு சுமார் 26 டிகிரி. தகடு அதைவிட குறைஞ்சது 3 டிகிரி கூட இருக்கணும். இல்லேன்னா கண்ணுக்குத் தெரியாம ஈரம் படிஞ்சு, பளபளப்பு மங்கி பால் மாதிரி ஆகும். கம்பிரஸர் டாங்கித் தண்ணியை அடிக்கடி திறந்து விடுங்க. நீர் வடிகட்டியை கம்பிரஸர் வாயில வைக்காம, பத்து மீட்டர் பைப் தள்ளி கன் பக்கம் வைங்க. சூட்டுல ஆவியா இருக்கிற தண்ணி ஆறின பிறகுதான் பிடிபடும்.

டூ-கே ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க்கு அதுக்கு எதுவுமே இல்ல. வெளிக்காத்து பைப்ல வர்ற முகமூடி போட்டு அடிக்கிற ஆள்கிட்ட மட்டும் கொடுங்க. நுரையீரல் ஒரு தடவை அதுக்கு ஒவ்வாமை பிடிச்சா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் மூச்சு முட்டும். பெயிண்டர் வேண்டாம்னாலும் விடாதீங்க.

குருசுக்குப்பம்_ஹெரால்டு:

ரொம்ப நன்றி அண்ணே. தின்னர் சோதனையில துணி நல்லா சிவந்துச்சு, அப்போ உரிக்கிறதுதான். ஒரு சந்தேகம். பழைய வண்டிக்கு கிளியர் இல்லாத நேரடி பி.யு. (பாலியூரித்தேன்) கலர்தான் பொருத்தம்னு சொல்றாங்களே?

பூத்து_வில்லியனூர்:

ஒரே கலர்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். அந்தக் காலத்து ஆழம் அதுல கிடைக்கும், மங்கினா பாலிஷ் போட்டு எடுத்துக்கலாம். உங்களுக்குப் பட்டை இருக்கு. நேரடி பி.யு.வுல பட்டை ஓரம் மேடு தட்டும், அழுக்கு அங்கேதான் சேரும். மெட்டாலிக் இல்லாத பேஸ் கோட்டு, மேல கிளியர்னு போங்க. முதல்ல கிரீம், அது காய்ஞ்சதும் 3 மில்லிமீட்டர் ஃபைன்லைன் டேப், மேல பச்சை. பச்சை தொட்டா ஒட்டாத பதம் வந்ததும் டேப்பை அதுமேலயே மடக்கி மெதுவா இழுங்க. முழுசா காய விட்டா ஓரம் பிஞ்சு வரும். ரெண்டையும் சேர்த்து மேல ரெண்டு முழுக் கோட்டு கிளியர். பட்டையோட மேல்கோடு பானெட்லேர்ந்து கதவு தாண்டி டிக்கி வரைக்கும் ஒரே நேரா ஓடணும். அதனால டேப் ஒட்டும்போது கதவும் பானெட்டும் வண்டியில மாட்டி மூடியிருக்கணும்.

கடலூர்_ஓடி_ஹூட்தையல்:

டாப் முதல்லயா பின்னாடியான்னு கேட்டீங்க. ரெண்டு தடவையும்தான். பெயிண்டுக்கு முன்னாடி ஃபிரேமை மாட்டி, முன்கண்ணாடி மேல் ரெயில்ல அது சரியா உக்காருதான்னு பாருங்க. பட்டன் துளை எல்லாம் அப்பவே போட்டு, துளை விளிம்புக்கும் எபாக்ஸி ஏறணும். பெயிண்ட் முடிஞ்சு துளை போட்டா, அந்த வெறும் விளிம்புலேர்ந்துதான் துரு கிளம்பும். பட்டனுக்கு அடியில நைலான் வாஷர், ஸ்க்ரூவுக்கு கொஞ்சம் சீலன்ட்.

துணி வெயில்ல வெளுக்காத, சாயம் நூல்லயே ஏறின அக்ரிலிக் கேன்வாஸ் எடுங்க. ரெக்சின் விலை குறைவுதான், ஆனா மடிப்புல வெடிக்கும். நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் உப்புக்காத்துல இத்துப் போயிடும். கிளியர் மேல டாப்போட அழுத்தம் விழணும்னா குறைஞ்சது மூணு வாரம் ஆறட்டும். அப்புறம் துணியை ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு, இளகினதும் இழுத்து மாட்டுங்க. நிழல்ல இறுக்கி மாட்டினா சித்திரையில தொங்கும். ஈரத்தோட மடக்கவே கூடாது. பின்கண்ணாடி பிளாஸ்டிக்குக்கு நடுவுல ஒரு மெல்லிய துணி வச்சு மடக்குங்க, அமோனியா கலந்த கண்ணாடி லிக்விட் படக்கூடாது.

பம்பருக்கு நிக்கல் கனமா ஏத்தச் சொல்லுங்க. செம்பு, நிக்கல், மேல குரோம் மூணும் இருக்கணும். மேல இருக்கிற குரோம் மெல்லிய படலம். கடல் காத்தைத் தடுக்கிறது அடியில இருக்கிற நிக்கல்தான். பம்பர் உள்பக்கத்துக்கு எபாக்ஸி அடிங்க, அங்கே பிளேட்டிங் சரியா ஏறாது.

ஆர்சி_புக்:

கலரைவிட சலூன்ங்கிற வார்த்தைதான் பெரிய விஷயம் நண்பரே. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, தயாரிச்ச கம்பெனி முதல்ல சொன்ன விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. அனுமதி இல்லாம மாத்தம் நடந்திருந்தா 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். கலர் மாத்தத்தை ஆர்.டி.ஓ.வுல எழுதிக் கொடுத்து பதிவு பண்ணிக்கோங்க, பெயிண்டுக்கு முன்னாடியே போய்க் கேட்டுடுங்க. பாடி வேற மாதிரி இருந்தா இன்ஷூரன்ஸ் கிளைம்ல பிரச்சினை வரும்.

2021ல வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இல்லாம அசல் வடிவத்துல இருக்கணும், தினமும் ரோட்டுல ஓட்டவும் முடியாது. ஹெரால்டுல கூரை போல்ட்டுல நிக்கிறது உங்களுக்கு நல்லது. பழைய கூரை எங்கேயாவது கிடந்தா வாங்கி, பெயிண்ட் நடக்கும்போதே அதையும் அதே பச்சையில அடிச்சு வச்சிடுங்க. பின்னாடி கலரை ஒப்பிட்டு அடிக்கிறது கஷ்டம், கூரையை மாட்டினா வண்டி ஆர்.சி.யில சொன்ன சலூனாவே நிக்கும்.

டிங்கர்_மஞ்சக்குப்பம்:

கூரை விஷயம் சரியான யோசனை. தம்பி, கடைசியா ஒண்ணு: எல்லாம் முடிஞ்சதும் கதவு உள்ளே, கதவுக்குக் கீழே இருக்கிற பக்கவாட்டுப் பெட்டி உள்ளே கேவிட்டி வேக்ஸ் (உள்பக்கத் துருவைத் தடுக்கிற மெழுகு) அடிச்சிடுங்க, ஒரு லிட்டர் போதும். அடிச்ச பிறகு அடியில இருக்கிற வடிகால் ஓட்டையை கம்பி விட்டுத் திறந்து பாருங்க. பெரும்பாலும் பட்டியோ வேக்ஸோ அடைச்சிருக்கும்.