உதகையில் 110 காட்டினால் ரிங் குப்பையா?

அருவங்காட்டார்:
ஃபர்ன்ஹில் அம்பாசடர் என்ற அன்பர் நேற்று நம் கார் மன்றத்தின் வேறோர் இழையில் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அவருடைய மார்க் 4 அம்பாசடருக்குக் கடையில் வாங்கிய புதிய ரிங் செட்டை (பிஸ்டனைச் சுற்றி இருந்து அழுத்தம் கசியாமல் காக்கும் வளையங்களை) மாட்டியபின், சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் உதகையில் நான்கு சிலிண்டரிலும் 110 பி.எஸ்.ஐ. அளவிலேயே நின்றுவிட்டதாம். அதே எஞ்சின் முன்பு 140 காட்டியதாம். ஆகவே இன்று கடைகளில் விற்கும் ரிங், பிஸ்டன், பேரிங் அனைத்தும் குப்பையாம்; பழைய கையிருப்பில் உள்ள ‘கம்பெனி சரக்கை’த் தவிர வேறெதையும் தொடக் கூடாதாம். இதைப் படித்துவிட்டு, வாங்கிய பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சிலர் எழுதத் தொடங்கிவிட்டதால்தான் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 76 விழுக்காடு அளவுதான். சிலிண்டருக்குள் வரும் காற்றே குறைவு என்னும்போது, அதை அமுக்கியபின் கேஜ் காட்டும் எண்ணும் அதே விகிதத்தில்தான் குறையும். மேட்டுப்பாளையமும் கடல் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், அங்கே 140 காட்டுகிற எஞ்சின், ரிங்கில் ஒரு குறையும் இல்லாமலே, உதகையில் 110 அல்லது 111 காட்டும். ஆகவே அன்பரிடம் ஒரே ஒரு கேள்வி: அந்த 140 எந்த ஊரில் அளக்கப்பட்டது?

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
ஐயா அவர்களின் பௌதிகப் பாடத்துக்கு நன்றி. கேஜ் என்பது கேஜ். மலையேறினால் மூச்சு வாங்குவதற்கு அது மனிதன் அல்ல. 140 காட்டிய எஞ்சின் புதிய ரிங் போட்டபின் 110 காட்டுகிறது என்றால், மாறியது ரிங் ஒன்றுதான். போதாக்குறைக்கு, குன்னூரிலிருந்து இறங்கிப் பர்லியாறு தாண்டியபின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை வருகிறது. புகையும் மலைக்காற்றால் வருகிறது என்று சொல்வீர்களோ?

அருவங்காட்டார்:
ஆம், மலையால்தான் வருகிறது. ஆனால் காற்றால் அல்ல, இறக்கத்தால். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு 14 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்போது, பெட்ரோல் எஞ்சினின் இன்லெட் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குள் காற்று செல்லும் குழாயில்) கடுமையான வெற்றிடம் உண்டாகிறது. தேய்ந்த வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) வழியாக அந்த வெற்றிடம் ஆயிலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கீழே வந்து மிதித்தவுடன் அது எரிந்து நீலமாக வெளியே வரும். ஏற்றத்தில், முழு பாரத்தில், விடாமல் புகைந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இறங்கி முடித்து மிதிக்கும்போது மட்டும் புகைந்தால் முதலில் வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அன்பர் ஹெட்டைக் கழற்றினாரா, கைடு மாற்றினாரா என்பதெல்லாம் அவர் எழுத்தில் இல்லை. 140 எந்த ஊரில் அளந்தது என்பதும் இல்லை.

மஞ்சூர் ஜீப்:
எனது டீசல் ஜீப்பில் இவர்களுடைய கேஜை மாட்டினால் முள் சுற்றிவந்து கழன்று விழும். 110-க்கும் 140-க்கும் இத்தனை பெரிய சண்டையா? பெட்ரோல்காரர்கள் நேரம் மிகுந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்று கண்ணாரக் கண்டேன்.

மேட்டுப்பாளையம் லேத்து:
பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஃபர்ன்ஹில் அண்ணனின் எஞ்சினுக்கு 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர் சைஸில் போரிங் (போர் என்னும் சிலிண்டர் துளையைப் பெரிதாகக் கடைதல்), ஹோனிங் (அதன் சுவரைத் தீட்டுதல்) செய்தது எங்கள் பட்டறை. அவர் சொல்லும் 140 எங்கள் பட்டறையில் அளந்ததுதான். அந்த எண் எங்கள் வேலைக்குக் கிடைத்த சான்று. பிறகு உதகையில் யாரோ பிரித்து, போரைத் தொடாமல் ரிங்கை மட்டும் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். குறை அந்த வேலையில் இருக்கும்போது காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

அருவங்காட்டார்:
பட்டறை மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது என்பதைத் தங்கள் பெயரே சொல்கிறது. ஆக 140 மேட்டுப்பாளையத்தில் அளந்தது, 110 உதகையில் அளந்தது. வழக்கு முடிந்தது.

மேட்டுப்பாளையம் லேத்து:
நான் வேலையைப் பற்றிப் பேசினேன், ஊரைப் பற்றி அல்ல. எங்கள் வேலை எந்த ஊரிலும் 140 காட்டும். எங்கள் போரில் மேலுக்கும் கீழுக்கும் 2 தவ் வித்தியாசம் இருப்பதாகச் சென்ற ஆண்டு இங்கேயே எழுதிய பெரியவர் தாங்கள்தான் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

அருவங்காட்டார்:
அளந்ததை எழுதினேன். இப்போதும் அதையே எழுதுவேன்.

லவ்டேல் பத்மினி:
ஒரு நிமிடம். உங்கள் சண்டைக்கு நடுவே எனக்கு உண்மையிலேயே ஒரு தேவை இருக்கிறது. எனது 1089 சி.சி. பத்மினி காருக்கு ரிங் செட் வாங்கியிருக்கிறேன். பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது. அதை நம்பலாமா? மேலும், நீங்கள் எல்லோரும் ‘கம்பெனி சரக்கு’ என்று எதைச் சொல்கிறீர்கள்? வண்டி செய்த கம்பெனியின் பெட்டியில் வருவதையா, அந்தக் கம்பெனிக்கு ரிங் கொடுத்த தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியையா, இரண்டும் இல்லாத மூன்றாவதையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வதுபோல எனக்குத் தோன்றுகிறது.

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சகோதரி. பழையது நல்லது, புதியது குப்பை. கேஜ் பொய் சொல்லாது, 110.

அருவங்காட்டார்:
அம்மா, ஹோலோகிராம் பெட்டியைப் பற்றித்தான் பேசும், உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசாது. பழைய பெட்டியில் புதுக் குப்பையைப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் அட்டைப் பெட்டியில் நல்ல ரிங் வருவதும் உண்டு. சென்னை அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், பைமெட்டல் பேரிங்ஸ் போன்ற தொழிற்சாலைகள் வாகனம் செய்வோருக்கும் கொடுக்கின்றன, கடைகளுக்கும் அனுப்புகின்றன. கடையில் விற்பது என்பதாலேயே ஒரு பொருள் தாழ்ந்துவிடாது.

ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக்கி அதனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை) விடுங்கள். போர் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 3 முதல் 4 தவ் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. உங்கள் 68 மில்லிமீட்டர் போருக்கு 8 முதல் 11 தவ் வரை வரும். போரைப் புதிதாகக் கடையாவிட்டால், தேய்மானம் இல்லாத அடிப்பகுதியிலும் தேய்ந்த மேற்பகுதியிலும் தனித்தனியே அளக்க வேண்டும். விட்டம் ஒரு தவ் தேய்ந்தால் இடைவெளி மூன்று தவ்வுக்குச் சற்று மேல் விரியும். மேலே 6 தவ் தேய்ந்த போரில், அடியில் 10 காட்டும் அருமையான ரிங் மேலே 28 அல்லது 29 காட்டும். அதைப் பார்த்து ரிங்கைத் திட்டுகிறவர்கள் இந்த மலையில் நிறைய இருக்கிறார்கள். அடுத்து, ரிங்குக்குக் கீழே விளக்கை வைத்து மேலிருந்து பாருங்கள். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் ஒன்று ரிங் வட்டமாக இல்லை, அல்லது போர் வட்டமாக இல்லை.

மேட்டுப்பாளையம் லேத்து:
கடைசி வாக்கியம் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்பது புரிகிறது.

மஞ்சூர் ஜீப்:
ரிங்கோடு நின்றுவிட்டீர்களே, வால்வு? புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் மட்டமான எஃகு, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. இதற்குக் கணக்கும் வேண்டாம், காற்றழுத்தமும் வேண்டாம்.

அருவங்காட்டார்:
அரைகுறை. சூட்டைத் தாங்கும் ஆஸ்டெனிடிக் எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் தலை ஒரு எஃகிலும் தண்டு வேறொரு எஃகிலும் செய்து பற்றவைத்த வால்வுகள் உண்டு; தண்டில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல வால்வைத் தூக்கி எறிகிறார்கள். இன்லெட் வால்வு ஒட்டினால் அது குறையே அல்ல. தவிர, ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுதும் நின்றுபோயிற்று. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளின் வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது அமரும் இடத்தை, காத்து வந்தது. சீட்டில் கடின வளையம் போடாமல் உயர்ந்த வால்வை மட்டும் போட்டால், வால்வு நன்றாகவே இருக்கும், சீட்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே விடுவது) குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுதும் மூடாமல் கம்ப்ரஷன் விழும்போது பழி ரிங்கின் மேல் விழும்.

மஞ்சூர் ஜீப்:
நான் தலை என்றுதான் எழுதினேன், தண்டு என்று எழுதவில்லை. படித்துவிட்டுப் பாடம் நடத்துங்கள், ஐயா.

இன்னொன்று. விற்பனைப் பகுதியில் ‘அம்பாசடர், பத்மினி பழைய கையிருப்பு ரிங் செட்டுகள், பிரிக்காத பெட்டி’ என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. யார் கொடுத்தது என்று பார்த்தேன். ஃபர்ன்ஹில் அம்பாசடர்! புதிய ரிங் எல்லாம் ஏன் குப்பை என்பது இப்போது விளங்கிவிட்டது.

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
அந்த அறிவிப்புக்கும் இந்த இழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சேர்த்து வைத்த சரக்கைக் கொடுப்பது குற்றமா? அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனி அந்தத் தரம் வராது. நேர்மையாகச் சொன்னவனை வியாபாரி என்று இழிவுபடுத்துவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது.

அருவங்காட்டார்:
பழைய பெட்டி என்பதும் ஒரு சான்று அல்ல. இந்த மலையின் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரிங்கின் முகத்தில் எண்ணெய்த்தாளையும் மீறித் துருப்புள்ளி விழும்; அது போர்ச் சுவரைக் கீறும். பழைய ரப்பர் சீல் கல்லாகிப் போயிருக்கும். புதியதோ பழையதோ, அளந்துதான் போட வேண்டும். அன்பர் விற்கும் பெட்டிகளைப் பிரித்து அளந்திருக்கிறாரா?

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
பிரித்தால் அது பிரிக்காத பெட்டி ஆகாது.

லவ்டேல் பத்மினி:
அளந்தேன். மூன்று சிலிண்டரில் 9 தவ், நான்காவதில் 10. மேல் ரிங் குரோம் போலப் பளபளக்கிறது. போரிங் செய்த பட்டறையின் ஹோனிங் மிக வழவழப்பாக இருக்கிறது. இது பரவாயில்லையா?

அருவங்காட்டார்:
இடைவெளி சரிதான், அம்மா. ஆனால் கண்ணாடிபோல வழவழப்பான போரில் குரோம் ரிங் எளிதில் உட்காராது. சுவரில் சுமார் 45 பாகையில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். ஆயில் தங்குவதும் ரிங் படிவதும் அந்தக் கோடுகளில்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் சமவெளிக்கு வைத்ததாகவே இருந்தால், மேலே காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து, சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் லேத்து:
வழவழப்பாக இருப்பது குறை என்று முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். எந்தப் பட்டறை செய்தது என்று கேட்காமலே குறை சொல்வதில் பெரியவருக்கு நிகர் யாருமில்லை.

லவ்டேல் பத்மினி:
உங்கள் பட்டறைதான், அண்ணா.

மேட்டுப்பாளையம் லேத்து:
அப்படியானால் குறை ரிங்கில்தான் இருக்கிறது.

அருவங்காட்டார்:
ஒரு யோசனை சொல்கிறேன். அன்பர் தமது வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கட்டும். அதே கேஜ், நல்ல பேட்டரி, நான்கு பிளக்கும் கழற்றி, எஞ்சின் சூடாக இருக்கும்போது காற்றை உள்ளே விடும் திராட்டிலை முழுதும் திறந்து அளக்கட்டும். அடுத்து ஒவ்வொரு பிளக் துளையிலும் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். எண் நன்றாக ஏறினால் ரிங்கில் கசிவு, ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி 110 காட்டுவதே ரிங் நன்றாக இருப்பதற்கு அடையாளம் என்பதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
நான்கும் ஒரே மாதிரிக் குப்பை என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாமே? மேட்டுப்பாளையம் வரை போய்வரப் பெட்ரோலுக்குப் பணம் யார் கொடுப்பது? அந்தப் பட்டறைக்குள் நான் மறுபடி நுழைவதாகவும் இல்லை.

மேட்டுப்பாளையம் லேத்து:
பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டால் தாராளமாக நுழையலாம்.

ஃபர்ன்ஹில் அம்பாசடர்:
கணக்கைப் பொதுவில் பேசுவது நாகரிகமல்ல. சகோதரி, உங்கள் பத்மினிக்கு 20 தவ் ஓவர் சைஸில் ஒரு பழைய செட் இருக்கிறது. தனிச் செய்தியில் விலை அனுப்பியிருக்கிறேன்.

அருவங்காட்டார்:
வாங்குவதற்கு முன் பெட்டியைப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள், அம்மா.