வெதர் ரிப்போர்ட்: ஜாக்கோவுக்கு முன்னும் பின்னும் எதைக் கேட்கலாம்?

மேகமூட்டம் எழுதியது:

வணக்கம். வெதர் ரிப்போர்ட் என்கிற ஜாஸ்-ஃப்யூஷன் குழுவில் நான் முழுசாகக் கேட்டது 'ஹெவி வெதர்' (1977) ஒன்றுதான், அதைத் தேயத் தேயக் கேட்டாயிற்று. 'பேர்ட்லேண்ட்' வழியாகத்தான் உள்ளே வந்தேன், ஆனால் இப்போது பிடித்துவைத்திருப்பது 'எ ரிமார்க் யூ மேட்'. சரி, மற்ற ஆல்பங்களையும் பார்க்கலாம் என்று பட்டியலை எடுத்தால் தலை சுற்றுகிறது. கீபோர்டு வாசிக்கிற ஜோ ஜாவினுலும் சாக்ஸபோன் வாசிக்கிற வெய்ன் ஷார்ட்டரும் மட்டும்தான் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள், மற்றபடி ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு புது டிரம்மர், சிலதில் இரண்டு மூன்று பேர். ஏன் இப்படி? சண்டையா, சம்பளமா, வேறு ஏதாவதா? என்னை இந்த இசைக்குள் இழுத்துவிட்ட நண்பர், பேஸ் கிட்டார் வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸ் இல்லாத வெதர் ரிப்போர்ட்டைத் தொடவே வேண்டாம் என்கிறார். அவர் பேச்சைக் கேட்கலாமா? அடுத்து எதில் கை வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

பழைய எல்பி எழுதியது:

நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள், பாதி நல்ல சரக்கு கையை விட்டுப் போய்விடும்.

இது 1970-இல் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. வியன்னாவிலிருந்து வந்த ஜாவினுல், நியூவார்க் ஷார்ட்டர், ப்ராக் நகரத்து மிரோஸ்லாவ் விட்டூஷ். முதல் இருவரும் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு வேலை செய்தவர்கள். ஷார்ட்டர் அவருடைய குழுவிலேயே 1964 முதல் 70 வரை இருந்தார், ஜாவினுல் 'இன் எ சைலண்ட் வே' எழுதிக் கொடுத்தவர். விட்டூஷ் வாசித்தது பெரும்பாலும் நின்றுகொண்டு வாசிக்கிற அந்தப் பெரிய மர பேஸ், அதுவும் வில் போட்டு. முதல் ஆல்பத்தில் (1971) யார் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார், யார் பக்கவாத்தியம் என்றே பிரிக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் யாரும் யாரையும் மிதிக்கவில்லை. 'நாங்கள் எப்போதும் சோலோ வாசிக்கிறோம், ஒருபோதும் சோலோ வாசிப்பதில்லை' என்ற அர்த்தத்தில் ஜாவினுல் சொல்வாரே, அது இந்தக் கட்டத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

இரண்டாவது ஆல்பம் 'ஐ சிங் தி பாடி எலக்ட்ரிக்' (1972). அதன் இரண்டாம் பக்கம் முழுக்க டோக்கியோவில் ஷிபுயா அரங்கில் ஜனவரி 1972-இல் வாசித்த நேரடிக் கச்சேரியிலிருந்து வெட்டி எடுத்தது. முழுக் கச்சேரியும் 'லைவ் இன் டோக்கியோ' என்று இரட்டை எல்பியாக அப்போது ஜப்பானில் மட்டும் வந்தது. எரிக் க்ராவட் என்று ஒரு டிரம்மர், அவர் உருட்டுகிற உருட்டுக்கு மற்ற எல்லோரும் பின்னால் ஓடுவார்கள். எனக்கு இந்தக் குழுவின் உச்சம் அதுதான். ஜாக்கோ பக்தர்கள் சண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

ஆட்கள் ஏன் மாறினார்கள் என்றால், பெரும்பாலும் ஜாவினுலின் காது மாறியதால்தான். 1973-இல் 'ஸ்வீட்நைட்டர்' செய்யும்போது அவருக்குத் திடமான தாளக்கட்டு தேவைப்பட்டது, ஃபங்க் மாதிரி, ஒரே சரடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டூஷுக்கு அது வரவில்லை, அவர் அதை விரும்பியதாகவும் தெரியவில்லை. அதனால் அந்த ஆல்பத்தில் ஆண்ட்ரூ வைட் என்பவரைக் கூட்டிவந்து மின் பேஸ் வாசிக்க வைத்தார்கள், டிரம்ஸுக்கு ஹெர்ஷல் டுவெலிங்ஹாம் என்று இன்னொருவர். ஆரம்பித்த மூவரில் ஒருவர் தன் சொந்தக் குழுவிலேயே விருந்தாளி ஆகிப்போனார். அடுத்த ஆல்பத்தில் ஒரே ஒரு டிராக்கோடு அவர் கதை முடிந்தது. எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு.

தூத்துக்குடி பேஸ்காரன் எழுதியது:

எல்பி அண்ணன் விட்டூஷ் கட்சி என்று தெரியும். ஆனால் 'பூகி வூகி வால்ட்ஸ்' கேட்டுவிட்டு யாராவது ஜாவினுல் எடுத்த முடிவு தப்பு என்று சொல்ல முடியுமா? பதின்மூன்று நிமிஷம், மூன்று எண்ணிக்கைத் தாளம், பெயருக்குத்தான் வால்ட்ஸ், கால் தானாக ஆடுகிறது. மெட்டு என்று ஒன்று கடைசியில்தான் முழுசாக வருகிறது, அதுவரைக்கும் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டே போகிறார்கள்.

மேகமூட்டம், நீங்கள் 'ஹெவி வெதர்' வழியாக வந்திருப்பதால் ஒரு படி மட்டும் பின்னால் வையுங்கள்: 'பிளாக் மார்க்கெட்' (1976). ஆள் மாறுவது அந்த ஆல்பத்துக்குள்ளேயே நடக்கிறது, காதால் கேட்கலாம். முதல் டிராக்கில் சந்தைச் சத்தத்தோடு ஆரம்பித்து வருகிறதே, அதில் பேஸ் அல்ஃபோன்சோ ஜான்சன். அந்த ஒரே டிராக்கில் டிரம்மர் இரண்டு பேர், செஸ்டர் தாம்சனும் நாரத மைக்கேல் வால்டனும் (அமெரிக்கர்தான், நாரத என்பது ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோய் வைத்த பெயர்). அது முடிந்து இரண்டாவது டிராக் 'கேனன் பால்' தொடங்குகிறது, ஆகஸ்ட் 1975-இல் இறந்துபோன சாக்ஸபோன்காரர் கேனன்பால் அடர்லிக்கு அஞ்சலி, ஜாவினுல் பல வருஷம் அவரிடம் வேலை பார்த்தவர். அந்த இடத்தில் பேஸின் குரலே வேறாகிவிடும். இழைகிறது, பாடுகிறது, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதுதான் ஜாக்கோ. ஆல்பத்தில் அவர் வாசித்தது இரண்டே டிராக், இன்னொன்று அவரே எழுதிய 'பார்பரி கோஸ்ட்', ரயில் சத்தத்தோடு ஆரம்பிக்கும். மற்ற அத்தனையும் ஜான்சன்.

ஜாக்கோவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மியாமியில் கச்சேரி முடிந்து வந்த ஜாவினுலிடம் போய், உலகத்திலேயே பெரிய பேஸ்காரன் நான்தான் என்று சொல்லியிருக்கிறார், அவர் திட்டி விரட்டியிருக்கிறார். பையன் விடவில்லை. கழுத்தில் சுர இடங்களைக் காட்டுகிற உலோகக் கம்பிகளை (ஃப்ரெட்) பிடுங்கிவிட்டு மேலே படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பூசிய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அவருடையது. 'பேர்ட்லேண்ட்' தொடக்கத்தில் அடியில் ஓடுகிற பேஸ், சிந்தசைசரில் ஜாவினுல் வாசிப்பது. அதன் மேல் உச்சத்தில் கிட்டார் மாதிரி ஒரு மெட்டு வருகிறதே, அதுதான் பேஸ் கிட்டார்! வலது கைக் கட்டைவிரலால் தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டு, அதே கையின் இன்னொரு விரலால் மீட்டி எடுக்கிற ஆர்மோனிக்ஸ். நிறையப் பேர் கிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'டீன் டவுன்' டிராக்கில் டிரம்ஸும் அவரே, பேஸும் அவரே.

அல்ஃபோன்சோ ஜான்சனை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். 'மிஸ்டீரியஸ் டிராவலர்' (1974) ஆல்பத்தில் 'குக்கம்பர் ஸ்லம்பர்' என்று ஒரு டிராக், அவரும் சேர்ந்து எழுதியது, அந்த பேஸ் வரியை ஒரு தடவை வாசித்துப் பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள். அவரை யாரும் விரட்டவில்லை, டிரம்மர் பில்லி காபமும் கீபோர்டுகாரர் ஜார்ஜ் டியூக்கும் சேர்ந்து ஆரம்பித்த குழுவுக்கு அவராகத்தான் போனார். அவர் போன இடத்தில்தான் ஜாக்கோ வந்து உட்கார்ந்தார்.

மேகமூட்டம் எழுதியது:

அந்த உச்சத்து மெட்டு பேஸ் கிட்டாரா! நானும் இத்தனை நாள் யாரோ கிட்டார்காரர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். 'பிளாக் மார்க்கெட்' இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் டிராக்கில் ஜாவினுல் வாசிக்கிற மெட்டு என்னவோ மாதிரி இருக்கிறது, விரல் பழகிய பாதையில் போகவில்லை. அது எப்படி? அப்புறம், 'மிஸ்டர் கான்' பற்றி எல்லா இடத்திலும் மோசமாகவே எழுதியிருக்கிறார்கள், அதை விட்டுவிடலாமா?

கறுப்புக்கட்டை எழுதியது:

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. ஏஆர்பி 2600 சிந்தசைசரின் கட்டைகளைத் தலைகீழாக ஆக்கிவிட்டு வாசித்திருக்கிறார். கை வலப்பக்கம் போனால் சுருதி கீழே இறங்கும், இடப்பக்கம் வந்தால் ஏறும். விரலுக்கு மனப்பாடமாக இருக்கிற சங்கதி ஒன்றும் வராது, புதிதாகத்தான் ஏதாவது வரும். இத்தனைக்கும் அந்தக் காலத்துச் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு சுரம், மிஞ்சினால் இரண்டு. 'மிஸ்டீரியஸ் டிராவலர்' கடைசி டிராக் 'ஜங்கிள் புக்' வீட்டிலேயே பதிவு செய்தது. முதல் டிராக் 'நூபியன் சன்டான்ஸ்' இருக்கிறதே, கூட்டம் ஆரவாரம் செய்யும், நேரடிக் கச்சேரி என்று நினைப்போம், கிடையாது. ஸ்டுடியோவில் வாசித்துவிட்டு ஆரவாரத்தை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அவர் இப்படி ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு வேலை செய்துகொண்டிருந்ததால்தான், ஆள் யார் மாறினாலும் நான்கு நொடியில் இது வெதர் ரிப்போர்ட் என்று சொல்லிவிட முடிகிறது.

'மிஸ்டர் கான்' (1978) விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப்போக மாட்டேன். 'டவுன் பீட்' ஜாஸ் பத்திரிகை ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது, உண்மை. குழுவினரும் கோபப்பட்டுப் பதில் பேசினார்கள். சிந்தசைசர் அடுக்கு அடுக்காக ஏறிப்போய் மூச்சு முட்டுகிறது என்பதும் பாதி உண்மைதான். ஆனால் அதில் 'பங்க் ஜாஸ்' கேளுங்கள், தொடக்கத்தில் ஜாக்கோவும் டோனி வில்லியம்ஸும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். மைல்ஸ் குழுவில் ஷார்ட்டரோடு இருந்த அதே டிரம்மர் டோனி வில்லியம்ஸ்! இன்னொரு டிரம்மர் ஸ்டீவ் காட்கூட வந்து வாசித்திருக்கிறார். 1960-களில் மைல்ஸுக்காக எழுதிய 'பினோக்கியோ'வை ஷார்ட்டர் மறுபடி வாசிக்கிறார். முதலில் கேட்க வேண்டிய ஆல்பம் இல்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஷார்ட்டரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. குறைவாக வாசிக்கிறார், ஜாவினுல் அவரை ஓரம் கட்டிவிட்டார் என்று ஒரு பழைய புகார் உண்டு. பிந்தைய ஆல்பங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் 'பிளாக் மார்க்கெட்'டில் 'எலகண்ட் பீப்பிள்' அவர் எழுதியது, அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். உங்கள் 'எ ரிமார்க் யூ மேட்'டை எடுத்துக்கொள்ளுங்கள், எழுதியது ஜாவினுல், ஆனால் டெனர் சாக்ஸ் உள்ளே வருகிற இடத்தில் எத்தனை சுரம் வாசிக்கிறார் என்று எண்ணிப்பாருங்கள். சொற்பம். ஒவ்வொன்றும் மூச்சோடு வருகிறது, அடுத்த சுரத்துக்கு அவசரமே இல்லை. இன்னொருவராக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பித் தள்ளியிருப்பார்.

இடந்தலை எழுதியது:

டிரம்மர் கணக்கை யாரும் முடிக்கவில்லை, நான் சொல்கிறேன். அல்ஃபோன்ஸ் மூஸான் முதல் ஆல்பத்தோடு சரி. அடுத்து க்ராவட். ஃபங்க் பக்கம் திரும்பியதும் அவரும் போய்விட்டார், பிற்பாடு மின்னசோட்டாவில் சிறைக் காவலராக வேலை பார்த்தார் என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பிறகு பியானோ கலைஞர் மெக்காய் டைனரோடு மறுபடி வாசிக்க வந்தார், அது வேறு கதை. 'மிஸ்டீரியஸ் டிராவல'ருக்கு இஷ்மேல் வில்பர்ன், 'டேல் ஸ்பின்னின்' (1975) ஆல்பத்துக்கு லியோன் எண்டுகு சான்ஸ்லர். சான்ஸ்லர் ஒரே ஆல்பம்தான், ஆனால் அந்த ஆல்பத்தின் துள்ளல் வேறு எதிலும் கிடையாது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். செஸ்டர் தாம்சன் ராக் கலைஞர் ஃப்ராங்க் ஜப்பாவிடமிருந்து வந்தார், இங்கிருந்து போய் ஜெனிசிஸ் ராக் குழுவின் மேடைகளில் பல வருஷம் வாசித்தார்.

'ஹெவி வெதர்' டிரம்மர் அலெக்ஸ் அகூன்யா பெரு நாட்டுக்காரர். 'பிளாக் மார்க்கெட்' பதிவில் அவர் தாள வாத்தியக்காரர், டிரம்ஸ் இல்லை! ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்ததும் அந்த ஆல்பமே வந்துவிட்டது. டிரம்ஸையும் கையால் தட்டுகிற காங்காவையும் ஒரே ஆள் யோசிக்கிற மாதிரி அதில் தாளம் ஓடுவதற்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு, பக்கத்தில் தாள வாத்தியத்துக்கு மனோலோ பத்ரேனா வேறு.

1978-இல் பீட்டர் அர்ஸ்கின் வந்தார். அவர் வந்த இடம் ஸ்டான் கென்டன், மேனார்ட் ஃபெர்குசன் மாதிரி பெரிய பித்தளைக் குழுக்கள். ஜாவினுல், ஷார்ட்டர், ஜாக்கோ, அர்ஸ்கின் என்று நாலே பேர், தனித் தாள வாத்தியக்காரர் இல்லை. அந்த நால்வர் அணிதான் '8:30' (1979), மூன்று பக்கம் நேரடிக் கச்சேரி, நாலாவது பக்கம் ஸ்டுடியோ, கிராமி வாங்கிய ஆல்பம். அதில் 'பூகி வூகி வால்ட்ஸ்' மறுபடி வருகிறது, 1973 பதிவோடு சேர்த்துவைத்துக் கேளுங்கள். அதே மெட்டு, இங்கே வெறி பிடித்த மாதிரி போகும்.

அடுத்தது 'நைட் பேசேஜ்' (1980), ராபர்ட் தாமஸ் என்று கையால் தட்டுகிறவர் ஒருவர் சேர்ந்துகொண்டார். ஆடியன்ஸை உட்காரவைத்துப் பதிவு செய்ததில் மறுபடி ஜாஸ் வாசனை வந்துவிட்டது. ஜாக்கோவின் 'த்ரீ வியூஸ் ஆஃப் எ சீக்ரெட்' அதில் இருக்கிறது. மேகமூட்டம், அந்த மென்மையான பக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 'பிளாக் மார்க்கெட்'டுக்கு அடுத்து நேராக இதற்குத்தான் வர வேண்டும்.

1982-இல் ஜாக்கோவும் அர்ஸ்கினும் சேர்ந்தே வெளியேறிவிட்டார்கள். சுற்றுப்பயணத் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. ஜாவினுல் ஒமார் ஹக்கீமைப் பிடித்தார், ஹக்கீம் சொல்லி விக்டர் பெய்லி பேஸுக்கு வந்தார். அதில் வந்தது 'ப்ரொசெஷன்' (1983). ஜாக்கோ போனதும் குழு செத்துப்போனது என்று சொல்கிறவர்கள் இந்த ஆல்பத்தின் தலைப்பு டிராக்கை ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து ஊர்வலம் நெருங்கி வருகிற மாதிரி ஹக்கீம் அதை எட்டு நிமிஷத்துக்கு மேல் அவசரப்படாமல் கட்டுவார், பெய்லியும் ஜாக்கோவை நகல் எடுக்கவில்லை. அவரைப் போல வாசிக்கச் சொல்லி எத்தனை பேர் வற்புறுத்தியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

பழைய எல்பி எழுதியது:

இடந்தலை சொன்னதில் 'ப்ரொசெஷன்' வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு 'டொமினோ தியரி' (1984), 'ஸ்போர்ட்டின் லைஃப்' (1985) இரண்டிலும் டிரம் மெஷின் சத்தம் எனக்கு ஆகாது. கடைசி 'திஸ் இஸ் திஸ்' (1986) ஒப்பந்தக் கடனைக் கழிக்கச் செய்தது. கிட்டார்காரர் கார்லோஸ் சந்தானா வந்தும் காப்பாற்ற முடியவில்லை, ஷார்ட்டரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

பேஸ்காரனுக்கு ஒன்று. நீங்கள் சொன்ன 'பூகி வூகி வால்ட்ஸ்' எனக்கும் பிடிக்கும், இல்லை என்று எப்போது சொன்னேன்? க்ராவட்டை வெளியில் உட்காரவைத்துவிட்டு அதைச் செய்தார்களே என்பதுதான் என் புகார்.

தூத்துக்குடி பேஸ்காரன் எழுதியது:

புகார் பதிவாயிற்று அண்ணே. 🙂

மேகமூட்டம், காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 2015-இல் வந்த 'லெஜண்டரி லைவ் டேப்ஸ்' பெட்டியை வாங்குங்கள். 1978 முதல் 81 வரை, நாலு சிடி. குழுவின் ஒலிப்பதிவாளர் ப்ரையன் ரிஸ்னர் கச்சேரிகளில் எடுத்துவைத்திருந்த டேப்புகள், அர்ஸ்கின் மேற்பார்வையில் தொகுத்தது. நால்வர் அணியும் இருக்கிறது, ராபர்ட் தாமஸ் சேர்ந்த ஐவர் அணியும் இருக்கிறது. நாடாவுக்கே உரிய இரைச்சல் அங்கங்கே கேட்கும், அதைச் சகித்துக்கொள்ளுங்கள். சிடிகள் வருஷ வரிசையில் இருக்காது, ஒன்றில் ஐவர் அணி, அடுத்ததில் நால்வர் அணி என்று மாறி மாறி வரும், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எதில் தாமஸ் இருக்கிறார் என்று பிடித்துவிடலாம்.